அடைக்கக் கூடாத வாசல்

கரையில் ஏற்றியிருந்த தோணிக்கடியில் மல்லாந்து கிடந்து வேலை செய்துகொண்டிருந்தபோது வயிறு இறுகியது. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துத் தண்ணீர் கசியாமல் அடைப்பது என் தொழில், கலப்பத்து என்போம். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். மறுநாள் வயிறு பானைபோல் உப்பிவிட்டது, காற்றுகூடப் பிரியவில்லை. மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

குடல் முறுக்கு (பெருங்குடல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது) என்றார் டாக்டர். அழுகிய பகுதியை வெட்டியெடுத்து, மிஞ்சிய குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார். இனி மலம் அந்த வழியாகத்தான். குடலில் கட்டி வந்தவர்களுக்கும் காயம் பட்டவர்களுக்கும்கூட இப்படிச் செய்வார்களாம். சிலருக்குப் பிறகு மூடிவிடலாம்; எனக்கு முடியாது.

அந்தத் திறப்பு சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் போல இருந்தது. தொட்டால் வலிக்கவில்லை. டாக்டர் தினமும் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்பார்.

"சத்தம் வரணும்வே. வந்தா நீரு பிழைச்சீரு."

ஒரு காலையில் அது 'புர்ர்' என்றது. என் மனைவி சிலுவை போட்டுக்கொண்டு வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இப்படியொரு சேதிக்கு அத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

யுத்த காலம்; மலம் பிடிக்கும் ரப்பர் பை கிடைக்கவில்லை. மடித்த வேட்டித் துணியை வைத்து, மேலே தோணிப் பாய்த்துணியில் என் மனைவி தைத்த கச்சையைக் கட்டிக்கொள்வேன். பழகிவிட்டது. ஆனால் மகள் பிலோமினாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பயம் பிடித்தது. மாதா கோயிலில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான். அந்தத் திறப்பில் அடக்கும் தசை கிடையாது. நினைத்த நேரத்தில் சத்தம் போடும்.

கலப்பத்துக்காரன் புத்தி வேறெங்கே போகும்? கல்யாணத்துக்கு முந்தின வாரம் பஞ்சை எண்ணெயில் தோய்த்து உருட்டி அடைத்துப் பார்த்தேன். அருமையான வேலை, சொட்டுக் கசிவில்லை. சாயங்காலம் பழைய வலி திரும்பியது.

டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டினார். "இதென்ன தோணியாவே? இது ஓட்டையில்ல, வாசல். அடைச்சா உள்ள இருக்கது எங்க போவும்?"

"கோயில்ல சத்தம் வந்தா எம்மவளுக்குக் கேவலம்லா ஐயா."

"அவகிட்ட கேட்டீரா?"

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. உங்களுக்கும் இப்படி வைத்திருந்தால், அடைக்காதீர்கள், வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள்.

கல்யாணத்தன்று அடைக்காமல்தான் போனேன். சாமியார் மணமகளிடம் சம்மதமா என்று கேட்டார். கோயிலே அமைதியானது. மகள் வாய் திறக்குமுன் என் கச்சைக்குள்ளிருந்து நீளமாக ஒரு 'புர்ர்ர்'. எனக்கு உயிரே போய்விட்டது.

பிலோமினா திரும்பிப் பார்த்தாள். கண் நிறையச் சிரிப்பு.

"எங்கப்பாவுக்குச் சம்மதம் சாமி" என்றாள். "எனக்கும் சம்மதம்."

சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் மனைவி சிரித்துச் சிரித்து அழுதாள்.

இப்போது மறுபடியும் தோணிக்கடியில் வேலை. என் வயிறு சத்தம் போட்டால், "அண்ணாச்சிக்குச் சம்மதமாம்லே" என்று கரையே சிரிக்கிறது. முன்பெல்லாம் கோயில் மணி அடித்தால் எனக்கு விடியும். இப்போது வயிறு முதல் சத்தம் போட்டால்தான் விடிகிறது. படுக்கையிலேயே "சம்மதம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிறேன்.