ஸ்பிளிட்டில் கால் வைக்காத மிஹோவில்

குரோவேஷியக் கடலோரத்து ஷிபெனிக் ஊருக்கென்று விமான நிலையம் கிடையாது. வடக்கே ஸாதரில் ஒன்று, தெற்கே ஸ்பிளிட்டில் ஒன்று. காரில் போனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். செப்டம்பர் மாதப் பாய்மரப் படகுப் போட்டிக்கு வருகிறவர்கள் எங்கே இறங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிற பெரிய மனிதர் மிஹோவில். யாரும் அவரை நியமிக்கவில்லை. தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற மனுஷன், படகுக் கிளப்பின் வாசல் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

தீர்ப்பு என்றைக்கும் ஒன்றுதான்: ஸாதர். ஸ்பிளிட்டுக்கு நேர் விமானம் இருந்தாலும் சரி, ஊரைச் சுற்றிக்கொண்டு ஸாதருக்கு வா என்பார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். இளவயதில் ஸ்பிளிட் கடற்கரையில் காபி குடிக்கப் போனபோது, பரிமாறுகிறவன் இவரை ஏற இறங்கப் பார்த்து, "மலையிலேர்ந்து எப்ப இறங்கின?" என்று கேட்டுவிட்டானாம். உப்புத் தண்ணீரில் வளர்ந்தவனை மலைக்காட்டான் என்றால் கோபம் வரும்தான். ஒரு வாரம் வரட்டும், ஒரு மாதம் வரட்டும். இவர் முப்பது வருஷமாக அதை அடைகாத்தார்.

இந்த வருஷம் கிளப் படகின் சுக்கானை அவர் மகள் திஹானாவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிற பெண். முன்பாயின் கயிறு மிஹோவிலுக்கு. முழங்கால் தேய்ந்துபோய், இதோடு படகை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. மகள் சுக்கான் பிடிக்க, தான் கயிறு பிடிக்க, ஒரே ஒரு தடவை ஓடிவிட வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க அதே பேச்சு.

"அப்பா, ஸ்பிளிட்டுக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, முந்தின நாளே வந்துடலாம்" என்றாள் திஹானா போனில்.

"அந்தத் திமிர் புடிச்ச ஊர்லயா? ஸாதருக்கு வாடி. நான் வந்து கூட்டிட்டு வரேன்."

"மியூனிக்ல விமானம் மாறணும்ப்பா. போட்டியன்னிக்குக் காலைலதான் வந்து சேருவேன்."

"போட்டி மத்தியானம்தானே? தாராளமா வரலாம்."

மனைவி நெவென்கா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "உங்கப்பாவுக்கு மூளை இருக்க வேண்டிய எடத்துல வீம்புதான் இருக்கு. நீ ஸ்பிளிட்டுக்கே வா!" ஆனால் பாவம், அப்பாவின் கடைசி ஓட்டமாயிற்றே என்று திஹானா ஸாதருக்கே டிக்கெட் போட்டாள்.

போட்டியன்று காலை ஸாதரில் இடியும் மழையும் வெளுத்து வாங்கின. விமானத்தை ஸ்பிளிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். ஸாதரில் காத்திருந்த மிஹோவிலின் போன் அடித்தது.

"அப்பா, சிரிக்காதீங்க. ஸ்பிளிட்ல இறங்கியிருக்கேன். பக்கத்து சீட்டுல வந்த ரோக்கோ இந்த ஊர்க்காரர்தான், அவரும் படகு ஓட்டறவர். தன் கார்ல ஷிபெனிக்ல கொண்டுவந்து விடறேங்கறார்."

"ஸ்பிளிட்காரன் வண்டியிலயா? ஏறினா காலை ஒடிப்பேன்! ஸாதருக்கு பஸ் விடுவாங்கல்ல, அதுல வா. நான் இங்கயே இருக்கேன்."

"அந்த பஸ் ஷிபெனிக்கைத் தாண்டித்தான்பா ஸாதருக்கு வரும்! நம்ம ஊரைத் தாண்டி வந்து உங்களைப் பார்த்துட்டு, மறுபடி ஊருக்குத் திரும்பணுமா?"

"ஆமா!"

சொன்னதோடு நிற்கவில்லை அந்தப் புத்திசாலி. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். பேச வழியில்லாவிட்டால் பஸ்ஸில் ஏறித்தானே ஆக வேண்டும் என்று கணக்கு. ஜம்மென்று காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, மழையில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிய வெள்ளைக்கால் சுற்றுலாக்காரர்களை நக்கலடித்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டது. பஸ் வந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தார். திஹானா இல்லை. போனை ஆன் செய்ததும் நெவென்காவின் செய்தி: "மக வந்துட்டா. நீ எங்க தொலைஞ்ச?"

அப்போதாவது அறிவு வந்ததா? விரைவுச் சாலை சுற்றுலா வரும் ஜெர்மன்காரனுக்காகப் போட்டது என்பது இவருடைய இன்னொரு தத்துவம். பழைய கடலோரச் சாலையில் திரும்பி, காருக்குப் பின்னால் சக்கர வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போகும் ஒரு டச்சுக் குடும்பத்தின் பின்னால் மாட்டிக்கொண்டு, ஹாரனை அடி அடியென்று அடித்தார்.

துறைமுகத்தில் காரை நிறுத்தியபோது படகுகள் கரையை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தன. படகுத்துறை மேடையில் நெவென்கா தனியாக நின்றாள்.

"அஞ்சு பேர் இல்லாம படகை விடமாட்டேன்னுட்டாங்க" என்றாள். "கடைசி வரைக்கும் உனக்குத்தான் போன் அடிச்சா. அழுதுக்கிட்டே அடிச்சா. ரோக்கோ அவளை இறக்கி விட்டுட்டுக் கிளம்பத்தான் இருந்தான். இவதான் கையைப் புடிச்சு படகுல ஏத்தினா."

மிஹோவில் அவள் கையிலிருந்த தொலைநோக்கியைப் பிடுங்கினார். கயிற்றை அவன் தளர விட்டிருப்பான், பாய் படபடக்கும், வாய்க்கு வந்தபடி ஏசலாம் என்று தேடினார். பாய் விறைப்பாக நின்றது. திஹானா ஏதோ சொல்ல, அந்த ஸ்பிளிட்காரன் சட்டென்று இழுத்தான். படகு அழகாகத் திரும்பியது. கண்ணாடி கலங்கித் தெரிந்தது. சட்டை நுனியால் துடைத்தார், மறுபடியும் கலங்கியது.

"அந்த ஊர்க்காரனுக்கு எதையும் விட்டுக்குடுக்க மாட்டேன்னு ஆயுசு பூரா குதிச்சியே" என்றாள் நெவென்கா. "இப்ப மக பக்கத்துல இருந்த உன் எடத்தையே குடுத்துட்டு நிக்கிற."