தோணிக்கு வேர்க்காது

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு — என் வலது மணிக்கட்டில் ஒரு வட்டம் வந்துவிட்டது. சிவப்பாக, ஓரம் தடித்து, நடுவில் வெளிறி... பேனாவைப் பிடித்தால் அரிப்பு. விட்டால் அதைவிட அரிப்பு.

டாக்டரிடம் போய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"படர்தாமரை. வீட்ல பூனை இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"நாய்?"

"இல்ல. குதிரை இருக்கு."

எழுதிக்கொண்டிருந்த மருந்துச் சீட்டை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தோணி ஓட்டுகிற குடும்பத்தில் குதிரை எதற்கு? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்தான் இந்த வாரப் பக்கம். அச்சில் தொற்றாது என்று டாக்டர் உறுதி சொல்லியிருக்கிறார்; தைரியமாகப் படிக்கலாம். அச்சுக் கோப்பவர் மட்டும் எதற்கும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளட்டும்.

குதிரை எங்களுடையது இல்லை. எங்கள் தெரு குதிரைவண்டிக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சியுடையது. பெயர் ராசாத்தி. உப்பு ஏற்றிய லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து வண்டியை இடித்துத் தள்ளியதில் அண்ணாச்சிக்குத் தொடை எலும்பு முறிந்துபோனது. ராசாத்திக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணாச்சியைப் பெரியாஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். குதிரையை அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்.

இதில் என் அண்ணன் எங்கே வந்தான்? அங்கேதான் வினை.

அண்ணன் கொழும்புக்கு ஓடுகிற தோணி ஒன்றில் தண்டல், அதாவது தலைவன். தண்டல் சொன்னால் தோணியில் மறுபேச்சு கிடையாது. ஆனால் கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கிற இந்த மாதங்களில் தோணிகள் ஓடுவதில்லை. கரையில் ஏற்றிப் போட்டு, சுரண்டி, கழுவி, எண்ணெய் பூசி வைப்பார்கள். அந்த வேலையும் முடிந்துவிட்டால் தண்டல் வீட்டில் இருப்பான். அது வீட்டுக்கு நல்லதில்லை என்பது என் மதினியின் கருத்து. கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டு முடித்துவிட்டு, அடுத்து எதைப் பழுது பார்க்கலாம் என்று சுற்றிச் சுற்றி வருவான்.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த ஒருநாள் அண்ணாச்சியைப் பார்க்கப் போனான். தங்கை நானும் கூடப் போனேன். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்டலு... காலு போனா போவுது. ராசாத்தி இருந்தா ஒத்தக் காலோட உக்காந்துக்கிட்டே பொழச்சிக்கிடுவேன். அவள ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்லும்."

போய்ப் பார்த்தோம். உப்பளத்து ஓரத்தில் அந்தச் சொந்தக்காரரின் கொட்டகை. உள்ளே நின்றது குதிரை என்று நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சேணத்தைக்கூடக் கழற்றவில்லை. அது அழுத்திய இடமெல்லாம் முடி கொட்டி, வட்டம் வட்டமாகச் சாம்பல் நிறப் பொருக்கு. கழுத்தில், தோளில், முதுகில், கண்ணுக்குக் கீழே... ஒரு ஈயை விரட்டக்கூட வாலைத் தூக்கவில்லை.

"சேசுவே..." என்றான் அண்ணன்.

எனக்குக் குதிரை என்றாலே பயம். வண்டியில் ஏறும்போதுகூடப் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டேதான் ஏறுவேன். அன்று அந்தப் பயம் போய் வேறொரு பயம் வந்தது. இது செத்துப்போகும். அண்ணாச்சியிடம் யார் போய்ச் சொல்வது?

யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு ராசாத்தியை எங்கள் வீட்டுப் பின்புறத்துக்குக் கொண்டுவந்து கட்டிவிட்டு, சாயங்காலமே அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனான். ராசாத்தி இப்போது எங்கள் வீட்டில் என்பதை மட்டும் சொன்னான். அண்ணாச்சி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கா" என்றான் அண்ணன்.

காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிற மனிதரிடம் வேறென்ன சொல்வது? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் காலையிலேயே அண்ணன் வேலையை ஆரம்பித்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த பழுதுபார்ப்பு ஒன்றே ஒன்றுதான். தேங்காய்ச் சவுரியால் பொருக்கைச் சுரண்டினான். கடல் தண்ணீரால் கழுவினான். சுறா எண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு இடம் விடாமல் பூசினான்.

"ஏண்ணே, டாக்டர் யாரையாச்சும் கேட்டுச் செய்யக்கூடாதா?" என்றேன்.

"உப்புக்காத்துல வருசக்கணக்கா நிக்குத மரத்தையே காப்பாத்துத எண்ணெ ஏளா இது. தோலக் காப்பாத்தாதா?"

பூசிய எண்ணெய் காய வேண்டுமே. தோணியை எப்படிக் காயவிடுவார்கள்? வெயிலில்தானே? ராசாத்தியையும் வெயிலில் கட்டினான். பசியோடு நிற்கிறாளே என்று ஒரு வாளி நிறையக் காணம் அவித்து — கொள்ளுக்கு எங்கள் ஊரில் காணம் என்றுதான் பெயர் — கருப்பட்டியும் போட்டு முன்னால் வைத்தான். அவள் தலையை எடுக்காமல் வாளியைக் காலி செய்தாள். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

வெயில் சாயும் நேரத்தில் ராசாத்தி முன்னங்காலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். உடம்பு தொட முடியாமல் கொதித்தது. எண்ணெய்ப் பூச்சுக்கு அடியில் தோல் தானாகத் துடித்தது. பிறகு மடங்கி விழுந்தாள்.

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். நான் கொஞ்சம் தள்ளி நின்று "எந்திரி... எந்திரி தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கிட்டப் போகப் பயம். விட்டுவிட்டு உள்ளே போகவும் பயம்.

வந்தவர் சின்ன வயது டாக்டர். விரலால் தோலைத் தொட்டார். பிசுக்கென்று ஒட்டியது.

"யாரு இதப் பூசுனது?"

"நாந்தான் சார். சுறா எண்ணெயும் குங்கிலியமும். எங்க தோணிக்கு இதத்தான்..."

"தோணிக்கு வேர்க்காது. குதிரைக்கு வேர்க்கும்" என்றார் டாக்டர். "வேர்வை வர வழியில்லாம அடைச்சிட்டு, வெயில்ல வேற கட்டியிருக்கீங்க. சரி, தின்ன என்ன குடுத்தீங்க?"

அண்ணன் வாளியைக் காட்டினான். டாக்டர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பட்டினி கிடந்த வயிறு சார் இது. ஒரே நேரத்துல இவ்வளவு கொள்ளா?"

ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்தெண்ணெய் ஊற்றினார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உடம்பை நனைத்துக்கொண்டே இருந்தார். எல்லோருமாகத் தள்ளி ராசாத்தியை எழுப்பி நிறுத்தினோம். மெல்ல நடத்திக்கொண்டே இருக்க வேண்டும், மறுபடியும் விழுந்து புரளவிடக் கூடாது என்றார்.

"பொழச்சிக்கிடுமா சார்?"

"லத்தி போட்டாப் பொழைக்கும். இப்ப அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தில் மேலும் கீழுமாக நடத்தினான். பின்னால் நான். மதினி வாசல்படியில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துவிட்டாள். குதிரை லத்தி போட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்ட குடும்பம் இந்தக் கடற்கரையில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கிறது, இப்போது எழுதும்போது. அன்று யாரும் சிரிக்கவில்லை. அவள் கால் தடுமாறும்போதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. தலையைத் தூக்கிப் பார்ப்பாரே மனிதர்... அவரிடம் என்ன சொல்வோம்?

தெருவில் விளக்கு எரியத் தொடங்கியபோது ராசாத்தி நின்றாள். வாலைத் தூக்கினாள்.

"ஸ்தோத்திரம் மாதாவே!" என்று மதினி கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவே கால் வரவில்லை. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போனோம்.

"நல்லா இருக்கா" என்றான் அண்ணன்.

அண்ணாச்சி கையை நீட்டி அண்ணனின் சட்டைக் கையிலிருந்து எதையோ தட்டிவிட்டார். தன் விரல்களைப் பார்த்தார். பிறகு கேட்டார், "தின்னுதாளா?"

"தின்னுதா."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வைத்தியம். வெந்நீரும் சோப்பும் போட்டு அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பொருக்கை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. துடைத்துக் காயவைத்து, வட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் அயோடின் தடவ வேண்டும். சேணம், துணி, பிரஷ் எல்லாம் தனியாக. இது மனிதருக்கும் தொற்றும், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

இதில் ஒரு சிக்கல். அண்ணன் கையில் துணியோடு கிட்டப் போனாலே ராசாத்தி காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டினாள். சுரண்டிய கையை அவள் மறக்கவில்லை. மதினி வர மாட்டேன் என்றுவிட்டாள். மிச்சம் யார்? குதிரை என்றால் நடுங்குகிற நான்தான்.

முதல் நாள் ராசாத்தி தலையைத் திருப்பியதும் நான் துள்ளி விலகியதில் பாதி அயோடின் என் சேலையில் கொட்டியது. "நான் உன்னை ஒன்றும் செய்ய மாட்டேன், நீயும் என்னை ஒன்றும் செய்யாதே" என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டேதான் தடவினேன். தோல் ஒருதரம் நடுங்கியது. அவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் புத்தியில் ஏறியது.

தெருக்குழாயில் குடத்தோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... மதினியும் அவர்கள் பக்கம். "மனுசருக்கே நல்ல தண்ணி வாரதில்ல, இங்கன குதிரைக்கு வெந்நிக் குளிப்பு" என்பாள். சொல்லிக்கொண்டே அடுத்த பானையை அடுப்பில் ஏற்றுவாள்.

எண்ணெய் போகப் போக முடியும் கொத்துக் கொத்தாகக் கூடவே வந்தது. வந்ததைவிட மோசமாகிவிட்டாள். பாதி மொட்டைக் குதிரை! கொன்றுகொண்டிருக்கிறோமா, காப்பாற்றிக்கொண்டிருக்கிறோமா என்று எனக்கே தெரியவில்லை. டாக்டரோ "முடி போனா வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

தீனி விஷயத்தில் அண்ணன் திருந்திவிட்டான். ஏரல் பக்கத்திலிருந்து வரும் பசும்புல்லை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடுவான். கொள்ளைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஏன் என்று நான் கேட்காமலே விளக்கம் சொன்னான்.

"சரக்கு ஏத்துத மாதிரித்தான் ஏளா. அடித்தட்டு நெறையாம மேல மேல ஏத்துனா தோணி கவுந்துரும்."

இது தெரிந்த மனிதன் அன்றைக்கு எதற்கு அந்த வாளியை வைத்தான்? கேட்கலாம்தான். கேட்டால் முகம் வாடிவிடும் என்று விட்டுவிட்டேன்.

தோணிக் கயிறு ஒன்றை அவள் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, சேர்கிற இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். அடிக்கடி சுற்றிப் பார்ப்பான். முடிச்சு நகரவே இல்லை. பிறகு தவிடு சேர்த்தோம். அதன் பிறகு ஊறவைத்த காணம், ஒரு கைப்பிடி. ஒருநாள் சுற்றிப் பார்த்தவன் என்னைக் கூப்பிட்டான். முடிச்சும் கயிறும் சேரவில்லை. நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி! அதே வாரத்தில்தான் தோளில் இருந்த மொட்டை வட்டத்தில் புதுமுடி கறுப்பாகக் குத்திட்டு நின்றதையும் பார்த்தேன். துணியை அவிழ்த்துவிட்டு வெறும் கையால் தடவிப் பார்த்தேன். மணிக்கட்டு வட்டத்துக்கு அந்த ஒரு தடவல்தான் காரணமாக இருக்க வேண்டும். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் அண்ணன் வழக்கம்போல "நல்லா இருக்கா" என்றான். அண்ணாச்சி அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தின்னுதாளா" என்றுகூடக் கேட்கவில்லை. கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் கட்டை ஊன்றிக்கொண்டு நேரே எங்கள் பின்புறத்துக்குத்தான் வந்தார். ராசாத்தி தூரத்திலேயே காதை நிமிர்த்திவிட்டாள். ஒரு கட்டையைக் கீழே போட்டுவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். புதுமுடி வந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"சுறா எண்ணெ" என்றார்.

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அண்ணாச்சி... அன்னைக்கு உம்மகிட்ட நான் சொன்னது..."

"தெரியும் வே. ஒம்ம சட்டையில அவ முடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வேரோட, பொருக்கோட, எண்ணெயோட. நாந்தான தட்டிவிட்டேன்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம இருந்தீரு?"

அண்ணாச்சி குதிரையின் கழுத்தை விடாமலே சொன்னார்.

"கேட்டா நீரு நெசத்தச் சொல்லிருவீரோன்னு பயம்."

நாங்கள்தான் பயந்து பயந்து பொய் சொன்னோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கட்டிலில் கிடந்தவர் அதைவிடப் பயந்துகொண்டு அந்தப் பொய்யைத் தினமும் வாங்கி வைத்திருக்கிறார். "நல்லா இருக்கா" என்பது லேசான வார்த்தை என்று யார் சொன்னது?

நேற்று மதினி கேட்டாள் — "கை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மதினி" என்றேன்.

நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.