ஹொகாசோனோவின் தம்பி

ஹொகாசோனோ ரெய்ஜி ஹிகாஷி ஒசாகாவில் ஒரு போல்ட்டுப் பட்டறையில் நாற்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். போல்ட்டில் மரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இரும்பு வளையத்துக்குள் திருகிப் போனால் நல்ல போல்ட்டு, போகாவிட்டால் சிவப்புத் தொட்டி. அதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. வீட்டிலும் அவர் அதிகம் செலவழித்த சொல் "சரி" ஒன்றுதான்.

அறுபத்தைந்தில் ஓய்வு பெற்றார். அடுத்த இரண்டாம் மாதம் மனைவி இகுயோ மணவிலக்குத் தாளைச் சாப்பாட்டு மேசையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். தன் பகுதியை நிரப்பி, கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் முத்திரையும் குத்தியிருந்தாள். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு "சரி" என்றார். அவருடைய முத்திரையை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் இல்லை. குராஷிக்கியில் இருக்கும் தங்கை வீட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு இகுயோ போய்விட்டாள். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் அதையாவது நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதுவும் நடக்கவில்லை.

அவள் போன பிறகும் அவள் பேருக்கு மாதம் தவறாமல் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் சிறு புத்தகம் வந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் பிளம், ஏப்ரலில் பியோனி, ஜூனில் ஹைட்ரேஞ்சா என்று பூவும் கோயிலுமாகக் காலையில் போய் மாலையில் திரும்பும் பஸ் பயணங்கள். இகுயோ பல வருஷம் அவற்றில் போய்வந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். அவருக்கு மதியச் சாப்பாடு குளிர்பெட்டியில் மூடி வைத்திருக்கும். ஏழு மணிக்குத் திரும்பி வந்து, "இன்னிக்கு விஸ்டீரியா பாத்தோம்" என்பாள். அவர் "அப்படியா" என்பார். அதோடு முடிந்துவிடும்.

இரண்டு வருஷம் அந்தப் புத்தகங்களைப் பிரிக்காமலே பழைய காகிதக் கட்டில் போட்டார். ஏப்ரலில் ஒருநாள், இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரு பெண் வணக்கம் சொன்னாள். இவர் வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. அவள் ஹலோ, ஹலோ என்கிறாள், இவருக்குத் தொண்டையில் காற்று மட்டும் போகிறது. கடைசியாக யாரோடு பேசினோம் என்று யோசித்தார். ஐந்து நாளுக்கு முன்னால், மருந்துக்கடையில், "பை வேண்டாம்" என்று சொன்னது. கனைத்துக் கனைத்து ஒருவழியாகப் பேரைச் சொன்னார். அந்தப் பெண் பொறுமைசாலி. நிறுத்துவதற்குப் பதில் உங்கள் பேருக்கு மாற்றிவிடட்டுமா, பியோனிப் பயணத்தில் ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கிறது என்றாள். ரெய்ஜி "சரி" என்றார்.

பஸ் நம்பாவிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பியது. நாற்பது பேரில் முப்பது பேருக்கு மேல் பெண்கள். தனியாக வந்த பெண்ணைப் பெண் பக்கத்திலும் ஆணை ஆண் பக்கத்திலும் உட்கார வைப்பதுதான் வழக்கம். அன்றைக்குக் கணக்கு உதைத்தது. பஸ்ஸோடு வந்த வழிகாட்டி தலையைச் சொறிந்துகொண்டு, ஏழாம் வரிசையில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாளிடம் போய், ஆண் துணை பரவாயில்லையா என்று கேட்டார். "கடிக்காதவரா இருந்தா சரி" என்றாள் அந்த அம்மாள். பஸ் சிரித்தது. ரெய்ஜி காது சிவக்கப் போய் உட்கார்ந்தார்.

அவள் பேர் தெராகாவா. எழுபத்திரண்டு வயது. த்சுருஹாஷியில் முப்பது வருஷம் முட்டைக்கோஸ் அடைக்கடை நடத்தியவள். நெடுஞ்சாலை ஏறுவதற்குள் ரெய்ஜியின் கையில் மூன்று மிட்டாய் வைத்துவிட்டாள். அப்புறம் அவர் சட்டையில் குத்தியிருந்த பேர் அட்டையைக் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு வாசித்தாள்.

"ஹொகாசோனோவா? ஒசாகாவுல அபூர்வமான பேராச்சே. இகுயோ-சான் உங்களுக்கு என்ன வேணும்?"

ரெய்ஜிக்கு மிட்டாய் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. சொந்தம்தான் என்று மட்டும் சொன்னார்.

"நெனச்சேன். எனக்கும் அவளுக்கும் இதே பஸ்ஸுலதான் பழக்கம். ஏழு வருஷம். ரெண்டு வருஷமா ஆளையே காணோம். நல்லா இருக்காளா? பாவம், புருஷன் போனதுலேர்ந்து தனியாத்தானே கெடந்தா."

போனது அவள்தானே என்று ரெய்ஜி நினைத்தார். எங்கே போனார் என்று கேட்டார்.

தெராகாவா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எங்கேன்னா? செத்துல்ல போனாரு. ஒம்பது வருஷம் ஆச்சே. சொந்தம்ங்கறீங்க, தெரியாதா?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ரெய்ஜி பட்டறையில் போல்ட்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குளிர்பெட்டியிலிருந்து சோற்றை எடுத்துச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் அந்தப் புருஷன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொன்னால் இகுயோவைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், வெட்கமும் இருந்தது: உயிரோடு இருக்கும்போதே மனைவியால் சாகடிக்கப்பட்டவன் என்று நாற்பது பேர் நடுவில் எப்படிச் சொல்வது? வாய் தானாக ஒரு வழி கண்டுபிடித்தது.

"தெரியும். நான் அவரோட தம்பி" என்றார்.

அவருக்குத் தம்பி கிடையாது. அண்ணனும் கிடையாது.

தெராகாவாவின் முகம் இளகிவிட்டது. நாலாவது மிட்டாய் வந்தது. நாராவின் கிழக்கு மலைகளுக்குள் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. நாற்று நடுவதற்குத் தண்ணீர் கட்டிய வயல்களில் மேகம் கிடந்தது. தெராகாவா அவருடைய செத்துப்போன அண்ணனைப் பற்றி அவருக்கே சொல்லிக்கொண்டு வந்தாள். குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். வலி தெரியாத சாவு. இகுயோ அப்படித்தான் சொன்னாளாம். வலியில்லாமல் கொன்றாளே, அதுவரைக்கும் நல்லது என்று ரெய்ஜி நினைத்துக்கொண்டார்.

இன்னும் என்னென்னவோ சொல்லியிருந்தாள் இகுயோ. கல்யாணமான புதிதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது புருஷன் ஆப்பிள் சீவிக் கொடுத்தாராம். தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக வரும் வரைக்கும் விடவில்லையாம். நாலு ஆப்பிளை வீணாக்கிவிட்டு ஐந்தாவதைத் தட்டில் வைத்தாராம். ஒருதடவை அவளுடைய தையல் மெஷினுக்கு எங்கேயும் கிடைக்காத திருகாணியைப் பட்டறையில் தானே கடைந்து, பையில் போட்டு எடுத்து வந்தாராம். பிவா ஏரியில் படகு விட்டபோது துடுப்பு போட்டுப் போட்டு ஒரே இடத்தில் சுற்றினார்களாம்.

"நல்ல மனுஷனாத்தான் இருந்திருக்காரு உங்கண்ணன்" என்றாள் தெராகாவா.

ரெய்ஜிக்கு ஆப்பிள் மறந்தே போயிருந்தது. திருகாணி லேசாக ஞாபகம் வந்தது. அவள் சொன்ன கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாமே கல்யாணமாகி முதல் மூன்று வருஷத்துக்குள் நடந்தவை. மிச்சம் முப்பத்தைந்து வருஷத்திலிருந்து இகுயோவுக்கு யாரிடமும் சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை.

முதல் கோயிலில் கூரை போட்ட நீளமான படிக்கட்டு. இரண்டு பக்கமும் பியோனி. கை விரித்த அளவுக்கு ஒவ்வொரு பூவும். வெள்ளை, செந்தூரம், காய்ந்த ரத்தம் போல ஒரு சிவப்பு. வெயிலுக்கு ஒதுக்கமாகக் காகிதக் குடை நட்டிருந்தார்கள். எல்லாரும் படியை மறித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். ரெய்ஜி பூவைக் குனிந்து பார்த்தார். இதழ்களைப் பட்டறைக் கண்ணோடு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

தெராகாவா அவரைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனாள். மூங்கில் ஓரமாகச் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய ஒரு ஜிஸோ, செத்தவர்களுக்குத் துணையிருக்கும் சாமி, கல்சிலையாக நின்றது. இங்கே வரும்போதெல்லாம் இகுயோ இந்த இடத்தில்தான் புருஷனுக்காகக் கும்பிடுவாளாம். டப்பாக் காப்பி ஒன்று வைப்பாளாம், சர்க்கரை அதிகம் போட்டது. தெராகாவா ஊதுபத்தி கொளுத்தி அவர் கையில் ஒன்று கொடுத்தாள்.

"நீங்க கும்பிடுங்க மொதல்ல. ரத்த சொந்தம்."

ரெய்ஜி ஊதுபத்தியை நட்டுவிட்டுக் கைகூப்பி நின்றார். தனக்காகத் தானே என்ன வேண்டிக்கொள்வது என்று புரியவில்லை. சர்க்கரை அதிகம் போட்ட டப்பாக் காப்பி அவருக்குப் பிடித்ததுதான். உயிரோடு இருப்பவனுக்காக அவள் இங்கே ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு என்ன நினைத்திருப்பாள்? வெறும் நடிப்பு என்றால் காப்பிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாமே. பக்கத்தில் தெராகாவா தாழ்ந்த குரலில், "இகுயோவ நல்லபடியா பாத்துக்குங்க" என்று செத்தவரிடம் சொன்னாள். ரெய்ஜி கையைக் கீழே இறக்க மறந்து நின்றார்.

மதியம் பெர்சிமன் இலையில் சுற்றிய மீன்சோறு. அடுத்த கோயிலில் மழை பிடித்துக்கொண்டது. ரோடோடென்ட்ரான் பூ பார்க்கக் குடையோடு எல்லாரும் மேலே ஏற, ரெய்ஜி முழங்கால் வலி என்று சொல்லி மண்டபத்துத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலிக்கவில்லை. மழை ஓட்டிலிருந்து சங்கிலி வழியாக இறங்கிக் கல்தொட்டியில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு "இன்னிக்கு விஸ்டீரியா" என்று அவள் சொல்வாளே, அப்போது "எப்படி இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தார். தெராகாவா திரும்பி வந்தபோது அவர் கண்ணைப் பார்த்துவிட்டு மிட்டாய்கூடக் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குடையை உதறினாள்.

நம்பாவில் இறங்கும்போது அவள் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். இகுயோவைப் பார்த்தால் கொடுக்கலாம் என்று இரண்டு வருஷமாகப் பையிலேயே வைத்திருந்தாளாம். பியோனிக்கு முன்னால் இரண்டு பெண்களும். இகுயோ தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைவாயில் ஒரு தங்கப்பல் மின்னியது. அந்தப் பல்லை அவள் எப்போது கட்டினாள் என்று ரெய்ஜிக்குத் தெரியாது.

அந்தப் படத்தைக் குராஷிக்கிக்கு அனுப்பினார். கூட வைத்த தாளில் எழுதியது இரண்டே வரி: தெராகாவா-சான் கொடுக்கச் சொன்னார். நான் குளியல் தொட்டியில் இறந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தொலைபேசி அடித்தது.

"கோவமா?" என்றாள் இகுயோ.

"இல்ல."

"புருஷன் இருக்காருன்னு சொன்னா, ஏன் கூட்டிட்டு வரல, அவரு சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாருன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. ஒருநாள் அலுத்துப்போய், இல்லன்னு சொல்லிட்டேன். அதச் செத்துட்டாருன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் திருத்தல. எப்படின்னு கேட்டப்போ குளியல் தொட்டின்னு வாயில வந்துச்சு. அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கல. நிம்மதியா இருந்துச்சு."

"ஆப்பிள் கதையும் சொன்னியாமே."

"அது நெசம்தானே."

"எனக்கு மறந்துபோச்சு."

"மறந்திருப்பீங்கன்னு தெரியும்."

அவர் அந்தக் காப்பி டப்பாவைப் பற்றிக் கேட்க நினைத்தார். ஜூன் மாதப் பயணத்துக்கு வருகிறாயா என்றும் கேட்க நினைத்தார். அதற்குள் அவளே, இங்கே எனக்கு எல்லாம் சௌகரியமாக இருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் தையல் வகுப்பு எடுக்கிறேன், ஒசாகா பக்கம் இனி வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். குரலில் கசப்பு இல்லை. தபால்காரரிடம் பேசுவது போல இருந்தது. தெராகாவாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டாம், அவள் ரொம்ப நல்லவள், மனசு நொந்துபோவாள் என்றாள்.

ரெய்ஜி "சரி" என்றார். வைத்த பிறகுதான், வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. சமையலறையில் போய் நின்றார். ஒரு ஆப்பிளை எடுத்துச் சீவினார். தோல் இரண்டாம் சுற்றிலேயே அறுந்தது.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதனால் ரெய்ஜி தம்பியாகவே இருந்துவிட்டார். ஜூனில் ஹைட்ரேஞ்சா பார்க்கப் போனபோது வழிகாட்டி கேட்காமலே இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். படத்தைக் கொடுத்தீர்களா, என்ன சொன்னாள் என்று தெராகாவா விசாரித்தாள். சந்தோஷப்பட்டாள் என்று ரெய்ஜி சொன்னார். அது பொய்யா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

மலைச்சுரங்கப் பாதை வருவதற்கு முன்னால் தெராகாவா கேட்டாள். "இகுயோ சொல்லித்தான் அவரப் பத்தி எனக்குத் தெரியும். பொண்டாட்டி சொல்றது ஒரு கண்ணுதானே. தம்பி, நீங்க சொல்லுங்க. எப்படிப்பட்ட ஆளு?"

ரெய்ஜி மிட்டாய்த் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, அண்ணன் பேசமாட்டார் என்றார். சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். அண்ணி முடி வெட்டிக்கொண்டு வந்தால் தெரியாது. ஊருக்குப் போய் வந்தால் எங்கே என்று கேட்கமாட்டார். அண்ணி ஒருநாள் தேநீர் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து ஏதோ சொல்ல வந்தாள். அண்ணன் செய்தித்தாளைத் திருப்பினார். அவள் எழுந்து போய்விட்டாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். அது எந்த வருஷம் என்றுகூடச் சொன்னார். தொண்டை கட்டவில்லை. பஸ் சுரங்கத்துக்குள் போய் வெளியே வரும்வரைக்கும், அதற்கப்புறமும், அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

தெராகாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பாவம் அந்தப் பொம்பள" என்றாள்.

"ஆமா" என்றார் ரெய்ஜி. "ரொம்பப் பாவம்."

பஸ் நின்றது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. படிக்கட்டு நெடுக நீலம் நீலமாகப் பூத்திருந்தது. அவர் தன் குடையை விரித்து, அவள் இறங்கும் வரைக்கும் கதவருகே பிடித்துக்கொண்டு நின்றார்.