எதிரணியில் புவனேந்திரன்

கேற்றைத் திறக்கும்போது ஒரு வாதம். கடிதத்தைக் கதவுத் துளைக்குள் தள்ளும்போது அதற்கொரு மறுப்பு. லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெருவின் தபால்காரர் புவனேந்திரன் இப்படித்தான் வீடு வீடாகப் பேசிக்கொண்டு வருவார். "எங்கட நலன் எது எண்டு நாங்கள்தான் முடிவெடுக்க வேணும். அமெரிக்காக்காரன் இல்லை!" எட்டாம் இலக்க வீட்டுப் பூனை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

'எங்கட' என்றால் பிரித்தானியா. தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர். கடவுச்சீட்டு கிடைத்த நாள் முதல் இந்த நாட்டின் மானத்தைத் தன் சொந்தப் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர்.

தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் இந்த வருடப் பட்டிமன்றத் தலைப்பு, அமெரிக்காவுடனான நெருங்கிய கூட்டு பிரித்தானியாவுக்கு நன்மையா, தீமையா என்பது. தீமை என்ற அணியில் இவர். நன்மை என்ற அணியில் மனைவி அருள்மலர். ஆறு வருடம் மேடையேறியும் சிறந்த பேச்சாளர் கேடயம் இவர் கைக்கு வரவில்லை. போன வருடம் யாரோ வராததால் ஏற்றிவிடப்பட்ட அருள்மலர் முதல் தடவையிலேயே அதை வாங்கிவிட்டார். வரவேற்பறையில் எல்லாவற்றையும் தூசு தட்டும் புவனேந்திரன் அந்தக் கேடயத்தைச் சுற்றித்தான் துடைப்பார்.

"சனம் சிரிச்சால் கேடயமோ? நான் நாலு கிழமை நூலகத்தில இருந்து வாசிச்சனான். அவ ஒரு பேப்பர் திறந்து பாத்தவவோ?" அருள்மலரைக் கேட்டால், "எனக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான், தாறதைப் பேசுவன்" என்பார். அதுதான் இவருக்கு இன்னும் எரியும்.

சூயஸ், அணுகுண்டு, ஏவுகணை என்று தலைப்பிட்ட தன் குறிப்புகளை மனைவியின் கண்ணில் படாமல் குளிர்பெட்டிக்குள் அடித்தட்டில் ஒளித்து வைத்தார். ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இஞ்சேருங்கோ, உங்கட அணுகுண்டு நெத்தலிப் பக்கெட்டுக்குக் கீழ நனைஞ்சு போச்சுது. எடுத்துக் காய வையுங்கோ!"

"நீர் ஏன் அதைத் தொட்டனீர்?"

"மீன் எடுக்கப் போனால் ஏவுகணை கையில வருது. நான் என்னப்பா செய்ய?"

குறிப்பில் இல்லாத ஒன்றையும் இவர் ஒருமுறை என் வாசலில் நின்று சொன்னார். ஈராக் யுத்தத்தில் இவர் கடிதம் கொடுக்கும் வீடொன்றின் பையன், சிப்பாயாகப் போனவன், செத்துப்போனான். அதன் பிறகும் மாதக்கணக்காக அவன் பெயருக்கு வங்கிக் கடிதம் வந்தது. "அமெரிக்கா கூப்பிட்டுது, நாங்கள் போனம். கடிதத்தைத் தாயின்ர கையில குடுத்தது நான்." இதை மேடையில் சொல்லலாமே என்றேன். "அது கைதட்டு வாங்கிற விசயமில்லை, தங்கச்சி" என்று அடுத்த கேற்றைத் திறந்தார்.

விழாவில் இவர்தான் முதலில் பேசினார். ஐம்பத்தாறில் சூயஸ் கால்வாய்ப் போரில் அமெரிக்கா கைவிட்டது, நீர்மூழ்கிக் கப்பலின் ஏவுகணைகளைப் பராமரிக்க அமெரிக்காவுக்கே கொண்டுபோக வேண்டியிருப்பது, எல்லாம் ஆண்டு தேதியோடு வந்தன. பின்வரிசை வடைக்கு எழுந்து போனது.

அருள்மலர் எழுந்தார். "சூயஸில கோவிச்சவைதான். ரெண்டு வருசத்தில திரும்பச் சேந்து அணுகுண்டு ஒப்பந்தம் எழுதேல்லையோ?" இது நெத்தலிக்குக் கீழே கிடந்த தகவல். புவனேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானும் இவரும் முப்பது வருசக் கூட்டு. என்னைக் கேளாமல் இவர் போட ஒரு சேட்டு, காற்சட்டையும் வாங்கமாட்டார். சுதந்திரம் போச்சுதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஆளைப் பாருங்கோ, வடிவாய் இல்லையோ?"

வடைக்குப் போனவர்களும் ஓடி வந்தார்கள். சிரிப்பு அடங்க நடுவருக்கு இரண்டு தடவை மேசையில் தட்ட வேண்டியிருந்தது. கடைசியில் அவர் சிறந்த பேச்சாளரின் பெயரை வாசித்தார். மறுபடியும் அருள்மலர். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

பக்கத்தில் இருந்த அணிக்காரர் முழங்கையால் இடித்தார். "அண்ணை, தட்டுங்கோவன். உங்கட மனிசியெல்லோ!"

புவனேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்து, ஒரு வில்லையைத் துடைத்தார். பிறகு மற்றதை. கைதட்டல் ஓயும்வரை, இரண்டு கைகளாலும், துடைத்துக்கொண்டே இருந்தார்.