வெள்ளிக்கிழமை அணைத்த விளக்கு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு எங்கள் தலைமையாசிரியர் கோலாலம்பூரில் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய், கழுத்தில் ஒரு விசிலோடு திரும்பி வந்தார். இனிமேல் பாடத்தைப் பாடமாக நடத்தக் கூடாதாம், விளையாட்டாக நடத்த வேண்டுமாம். முதல் விளையாட்டு, மின்சாரச் சிக்கனம்.

காஜா பெராங்கில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு மின்சாரம் வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகள் பெரும்பாலோர் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. அவர்களுக்கு அட்டையில் பல்பு முகமூடி செய்து மாட்டி, கைகோத்து வட்டமாகச் சுற்ற வைத்தார்.

"சார், எங்க வீட்ல கரண்டே இல்ல. நாங்க எத அணைக்கிறது?" என்று மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்.

"இப்பவே பழகிக்கோ. வந்தா உதவும்," என்றார். அந்தப் பதில் அவருக்கு மிகவும் பிடித்துப்போய், ஆசிரியர் அறையில் எங்களுக்கும் ஒரு முறை சொல்லிக் காட்டினார்.

எனக்கு அப்போது வேறு கவலை. ஆறாம் வகுப்பில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆங்கிலப் பள்ளியில் சேர்வதற்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தேறாவிட்டால் உஜோங் பாசிரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்புவதாக அவள் அம்மா முடிவு செய்திருந்தார். அவளையும் இன்னும் சில பெண்களையும் மாலையில் பள்ளியின் பெரிய கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து வந்தேன். அங்கேதான் நல்ல வெளிச்சம் இருந்தது.

தலைமையாசிரியர் தம் விளையாட்டின் இறுதிப் போட்டியைப் பெற்றோர் முன்னிலையில் நடத்த விரும்பினார். பகலில் விளக்கை அணைத்தால் யாருக்குத் தெரியும்? ஆகவே பொழுது சாயும் நேரம். மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை. இவ்வளவு யோசித்தவருக்கு, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்தான். பயிற்சியில் அதையும் சிக்கனமாகத் துடைத்துவிட்டார்கள் போலும். நான் சொல்லிப் பார்த்தேன். "டீச்சர், நீங்க பழைய காலம்," என்றார். அவரைவிட எனக்கு ஒரு வயது குறைவு.

அம்மாக்கள் வீட்டில் விளக்கேற்றிவிட்டு, திருநீறும் பூவுமாக வந்து பெஞ்சுகளில் அமர்ந்தார்கள். கூடத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன. தலைமையாசிரியர் விசில் ஊதினார். பிள்ளைகள் ஓடி, முக்காலிமேல் ஏறி, சுவிட்சுகளைத் தட்டினார்கள். கடைசி விளக்கை அணைத்தவள் என் ஆறாம் வகுப்புப் பெண். கூடம் இருண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெஞ்சுகளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர், இருட்டிலேயே ஒரு சொற்பொழிவைத் தொடங்கினார். விளக்கு மறுபடி எரிந்தபோது பாதி பெஞ்சுகள் காலி.

திங்கட்கிழமை மாலை வகுப்புக்கு ஒருத்தியும் வரவில்லை. அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழம அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல, எம்மக கையால அணைக்க வச்சிட்டீங்களே டீச்சர். அந்த எடத்துல படிச்சா வெளங்குமா?"

"பிள்ளை என்னம்மா பண்ணும்? விசில் ஊதினது பெரிய வாத்தியார்."

"அப்ப அவரே வந்து ஏத்தட்டும். தெனமும் பொழுது சாய, அவர் கையால. சப்பாத்தக் கழட்டிட்டு. அப்பறம் அனுப்புறேன்."

"தினமுமா?"

"பரீட்ச வரைக்கும். மத்தவங்களும் அதத்தான் சொல்றாங்க. கேட்டுப் பாருங்க."

சுவிட்சைத் தட்டுவதில் லட்சுமி வருவாள், போவாள் என்று நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்த நிபந்தனை எனக்கு நியாயமாகவே பட்டது. தலைமையாசிரியரிடம் கொஞ்சமும் குறைக்காமல் சொன்னேன்.

"மூடநம்பிக்கை," என்றார்.

"சரி சார். இந்த வருசம் நம்ம பள்ளியிலிருந்து யாரும் தேர்வு எழுதலன்னு மேலே எழுதிடவா?"

விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "எத்தன மணிக்கு வரணும்?" என்றார். அறிவியலில் அவருக்கு இருந்த பிடிப்பு அவ்வளவுதான்.

அன்று முதல் தினமும் பொழுது சாயும்போது சைக்கிளில் வந்து, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு கூடத்துக்குள் வந்து சுவிட்சைப் போட்டார். சுவிட்சுக்குப் பக்கத்தில் 'என்னை அணைத்துவிடு' என்று அவரே ஒட்டிய அட்டை பல்பு சிரித்துக்கொண்டிருந்தது. முதல் வாரம் அந்த அம்மா வாசலில் நின்று சரிபார்த்தார். பிறகு வரவில்லை. மகளை மட்டும் அனுப்பினார்.

ஒரு மாலை, விளக்கைப் போட்டுவிட்டு என்னிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், கிளம்பும்போது பழக்கத்தில் கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனார். அந்தப் பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சார், இன்னும் கணக்கு முடியல."

கையை இழுத்துக்கொண்டு சப்பாத்தைத் தேடிப் போனார். அவள் தேறினாள்.