பத்துக்கு ஒரு கோணல்

ஒன்பது வரிகளை நூல் பிடித்தாற்போல் நேராக ஓட்டிவிட்டு, பத்தாவது வரியில் மட்டும் அக்கா துணியை இடது கையால் லேசாக இழுத்துவிடுகிறார். ஊசி பாதை மாறுகிறது. அரை விரல் கோணல். அதைப் பார்க்கச் சகிக்காதவர்போல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தையல் மிஷினை மிதிக்கிறார். வரி முடிந்ததும் நூலை வெட்டி, "ம், நல்லாக் கெட்டுப்போச்சு" என்கிறார்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தைத்தவர். அவர் தைத்த ஓரத்தை வைத்துக் கோடு போடலாம் என்று அங்கே அவருக்கு 'ஸ்கேல் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். வேலையை விட்ட பிறகும் பெயர் விடவில்லை. காய்கறிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இப்போது தைப்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பரிசாக, பஞ்சு வைத்த விரிப்புகள். மேலே துண்டுத் துணிகளை இணைத்த விரிப்பு, கீழே ஒரு முழுத் துணி, நடுவில் பஞ்சு. மூன்றையும் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு போவார். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் பஞ்சு நடுவில் திரண்டு "மாசமா இருக்குற மாதிரி" நிற்குமாம். இடுப்பு வலிக்காரத் தங்கைக்கு முதுகு மெத்தை, மகனுக்கு பைக் உறை, லாரி ஓட்டும் கொழுந்தனுக்கு இருக்கை விரிப்பு.

"நம்ம வீட்டுல அண்ணி பஞ்சு வச்சுத் தைக்காதது தண்ணித் தொட்டி ஒண்ணுதான்" என்பார் கொழுந்தன்.

"அளவு குடுப்பா, அதையும் பாத்துடலாம்."

எந்தப் பரிசும் நேராகச் சொந்தக்காரர் கைக்குப் போகாது. முதலில் கணவரின் மடிக்குப் போகும். அவர் அதே தொழிற்சாலையில் செக்கிங் மாஸ்டராக இருந்தவர். முடிந்த உடுப்பை விரலால் தடவிப் பார்த்து, தப்பான தையலைப் பிரித்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. "என் பீஸ்ல மட்டும் தப்பே கிடைக்கல அவருக்கு. எங்கிட்ட பேச வேற வழி தெரியாம, நல்ல தையலையே ஒரு நாள் பிரிச்சுட்டாரு மனுஷன். சண்டைக்குத்தான் போனேன். கல்யாணத்துல முடிஞ்சுது" என்பார் அக்கா.

நான்கு வருடங்களாக மாஸ்டருக்கு நினைவு கரைந்துகொண்டே வருகிறது. மகன் பெயர் போனது. மகள் பெயர் போனது. ஒரு நாள் மனைவியைப் பார்த்து, "நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு பேச்சும் போய், ஒரே ஒரு சொல் தங்கியது. மடியில் துணியைப் போட்டால் ஆள்காட்டி விரல் வரி வரியாக நகரும். கோணல் வந்த இடத்தில் நிற்கும். "பிரி" என்பார். நகத்தால் நூலைக் கிளப்பித் தானே பிரித்தும் விடுவார். அதற்காகத்தான் அந்தப் பத்தாவது வரி. பிரித்த இடத்தை அக்கா நேராகத் தைத்த பிறகே பரிசு வாசலைத் தாண்டும்.

டாக்டர் சொல்லிப் பார்த்தார். "அம்மா, அது வெறும் பழக்கம். கை செய்யுது, அவர் செய்யல."

"கை வேற, அவரு வேறயா டாக்டர்? நான் முழு ஆளாத்தானே கட்டிக்கிட்டேன்."

டாக்டர் குனிந்து மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

போன மாதம் மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். அவளுக்கு நீலமும் சாம்பலுமாக ஒரு கட்டில் விரிப்பு. அக்கா அதை மாஸ்டரின் மடியில் போட்டார். விரல் நகர்ந்தது. பத்தாவது வரியைத் தாண்டியது. ஓரம்வரை போய்த் திரும்பி வந்து, மறுபடியும் தாண்டியது. பிறகு மாஸ்டர் விரிப்பை இரண்டு தட்டுத் தட்டினார். சரியான உடுப்பைப் பெட்டிக்கு அனுப்பும்போது தொழிற்சாலையில் தட்டுகிற அதே தட்டு. அக்கா மூன்று நாள் போட்டுப் பார்த்தார். மூன்று நாளும் மாஸ்டர் தட்டினார்.

எடுத்துப்போக வந்த மகள் விரித்துப் பார்த்தாள்.

"என்னம்மா, இந்த வரி குடிச்சுட்டு நடந்த மாதிரி போகுது? அப்பா பிரிக்கலையா?"

"அப்பா பாத்துட்டாரு."

மகளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சரி, குடு. நான் பிரிச்சுத் தரேன். ரெண்டு நிமிஷ வேலை."

"உங்கப்பா பாஸ் பண்ணத நீ பிரிப்பியா? அவ்ளோ பெரிய மனுஷி ஆயிட்டியாடி?" குரல் தெருவரை கேட்டிருக்கும். "இஷ்டம்னா எடுத்துட்டுப் போ. இல்லாட்டி வச்சுட்டுப் போ."

கோணல் உள்பக்கம் வரும்படி மடித்து எடுத்துக்கொண்டு போனாள் மகள்.

அதிலிருந்து தப்புகள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. தங்கைக்குத் தைத்த தலையணை உறையில் ஒரு விரல் அகலக் கோணல். தட்டினார். கொழுந்தனுக்கான போர்வையில் பாம்பு ஊர்ந்த தடம்போல ஒரு வரி. தட்டினார். "எனக்கு ஒழுங்காத் தப்புப் பண்ணத் தெரியல போல" என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த இரண்டும் யாருக்கும் போகாமல் அலமாரியில் கிடக்கின்றன.

இன்று காலை வெள்ளைத் துணியில் தடித்த சிவப்பு நூலைக் கோத்தார். நேர்வரிகள் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, மூலைக்கு மூலை ஒரே ஓட்டம். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரல் இடறும். மாஸ்டரின் மடியில் விரித்துவிட்டு, எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாருங்க மாஸ்டர். மானம் போற தையல். எவளோ தச்சிருக்கா. நல்லாத் திட்டுங்க."

விரல் நகர்ந்தது. சிவப்பில் ஏறியது, இறங்கியது, போய்க்கொண்டே இருந்தது. ஓரம் வந்ததும் தட்டுவதற்காகக் கை உயர்ந்தது. அக்கா அதைக் காற்றிலேயே பிடித்தார். மற்ற விரல்களை மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டவைத்து, சிவப்பு நூல் தொடங்கும் மூலையில் கொண்டுபோய் வைத்து, எடுக்கவிடாமல் அழுத்திக்கொண்டார்.