அம்மா களத்தில் இருந்தபோது

எனக்கு முப்பத்தாறு வயதுதான். வீட்டில் என்னைக் கிழவர் என்றே கூப்பிடுகிறார்கள். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். லிஃப்ட் பழுதானால் ஏறும் படிகளை எண்ணுவேன். இந்தக் கிழத்தனம் எனக்குப் பதினோரு வயதிலேயே வந்துவிட்டது. அதனால் ஒரு முறை எங்கள் அம்மாவுக்கு நன்மை விளைந்தது. அந்தக் கதையை நான் சொல்லாமல் விட்ட விருந்தாளி கிடையாது.

அப்போது ஹைதராபாத்தில் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. ஊரின் மறுமுனையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் சைரன் ஊதினால்தான் பொழுது நகரும். சாயங்காலம் பெண்கள் த்ரோபால் ஆடுவார்கள். வலைக்கு மேலே எறிந்த பந்தை எதிரணி தவறவிட்டால் நமக்கு ஒரு பாயிண்ட். அம்மா குள்ளம். அவள் எறிந்த பந்து வலையைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆனால் பின்வரிசையில் நின்று எதையும் பிடித்துவிடுவாள்.

நாச்சாரம் அணியோடு இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மனமகிழ் மன்றத்துச் செயலாளர் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார். யார் எத்தனை பாயிண்ட் எடுத்தார்கள் என்ற கணக்கு. கடைசிப் பெயர் அம்மாவுடையது. அதற்கு நேரே இரண்டு. அவளை எடுத்துவிட்டு, உயரமான ஒரு புதுப்பெண்ணை இறக்கப்போவதாகப் பேச்சு. அம்மா கான்வாஸ் ஷூவைத் துவைத்துக் காயவைத்து, பரணில் ஏற்றினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

அதுவரை ஆடிய நான்கு ஆட்டங்களிலும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு கோடு போட்டு, அப்போது களத்தில் யார் யார் இருந்தார்கள் என்றும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. அன்று அதைப் பிரித்துக் கூட்டினேன். அம்மா உள்ளே இருந்தபோது பத்துக்கு ஆறு பாயிண்ட் நமக்கு. அவள் வெளியே உட்கார்ந்திருந்தபோது பத்துக்கு நான்குதான்.

“என்னலே, நோட்டு பூராக் கோடு கிழிச்சு வச்சிருக்க?” என்றாள் அம்மா. தென்காசிப் பேச்சு அவளை விட்டுப் போனதே இல்லை.

“நீ இருந்தா டீம் ஜெயிக்குது மா. செகரட்டரி அங்கிளுக்குக் காட்டறேன்.”

“சும்மா கெட. மானத்த வாங்காத.”

மானத்தை வாங்காமல், அம்மாவின் அணியை நடத்திய கேப்டன் ஆன்ட்டியிடம் போனேன். அவர் தெலுங்குக்காரர், அதே தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை. பக்கம் பக்கமாகப் புரட்டினார், திரும்ப முதலிலிருந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

“அரே, லெக்க பலே உந்தி ரா! நல்லா கணக்கு போட்டிருக்கே. வா, செகரட்டரிகிட்ட போலாம்.”

செயலாளர் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நோட்டைத் தொடவில்லை. “சின்னப் பையன் கணக்கு மேடம் இது.”

“உங்க லிஸ்ட் பெரியவங்க எழுதினதுதானே? அதுல பிடிச்ச பந்துக்கு ஏன் ஒரு கட்டமே இல்ல?”

அவர் இப்போது நோட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். “ஹவ், ஹவ்” என்று ஊர் வழக்கில் ஆமாம் போட்டார். “அவங்களே ஆடட்டும்.”

இறுதி ஆட்டத்தை மூன்றாவது செட்டில் இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம். அம்மா ஒரு பாயிண்டும் எடுக்கவில்லை. பத்தொன்பது பந்துகளைப் பிடித்தாள், ஒன்றைத்தான் தவறவிட்டாள். திரும்பும்போது வேனில் கோப்பை அவள் மடியில் இருந்தது. ஜெயித்தது நான்தான் என்று டிரைவரிடம் சொன்னேன்.

இன்று எண்களைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். போன வருடம் வீடு மாறும்போது அந்த நோட்டைப் பிரித்தேன். அலுவலகத்தில் யாராவது இப்படிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். நான்கே ஆட்டம், வெறும் தற்செயலே இவ்வளவு வித்தியாசம் காட்டும். அதைவிட மோசம் ஒன்று. கேப்டன் ஆன்ட்டிக்கு முழங்கால் வலி. அவர் ஓய்வெடுக்க வெளியேறும்போதெல்லாம் அம்மாவும் வெளியேறியிருக்கிறாள். அவர் இறங்கும்போது அம்மாவும் இறங்கியிருக்கிறாள். ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயுமாக இருந்த பாயிண்ட் ஒன்றுகூட இல்லை. அந்தப் பத்துக்கு ஆறு அம்மாவின் கையால் வந்ததா, அணியிலேயே வேகமாக எறிந்த அவருடைய கையால் வந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

தரச்சோதனையில் சில துண்டுகளைப் பார்த்து ஒரு குவியலையே ஏற்பதும் தள்ளுவதுமாகப் பிழைத்தவர் அவர். முதல் புரட்டலிலேயே கண்டிருப்பார். இது தன்னுடைய எண்ணிக்கையாகவும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அம்மாவுடையதாகவே செயலாளரிடம் கொண்டுபோனார். களத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டே இறங்கினார் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் நானே எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.